பேசும் போன் எதைப் படிக்கிறது?

போன் திடீரென்று பேச ஆரம்பித்துவிட்டது, எதைத் தொட்டாலும் அதன் பெயரைச் சொல்கிறது, திறக்க மட்டும் மாட்டேன் என்கிறது. இந்தப் புகாரோடு செல்போன் கடைக்கு வருபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. வைரஸ் என்பார்கள், போன் போச்சு என்பார்கள். கடைக்காரர் ஒலியைக் கூட்டும் பட்டனையும் குறைக்கும் பட்டனையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்துவார். போன் வாயை மூடிக்கொள்ளும். சட்டைப்பையில் கிடந்தபோது அதே இரண்டு பட்டன்களும் சேர்ந்து அழுந்தியிருக்கும், அவ்வளவுதான்.

அப்படித் தவறுதலாக விழித்துக்கொண்டதன் பெயர் டாக்பேக். ஆண்ட்ராய்டு போனில் இருப்பது. ஐபோனில் இதே வேலையைச் செய்வது வாய்ஸ்ஓவர். கணினிக்கு என்விடிஏ இருக்கிறது. பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள், மைக்கேல் கரனும் ஜேம்ஸ் டேவும் கொடுத்தது, 2006-லிருந்து இலவசம். இவற்றுக்கெல்லாம் பொதுப்பெயர் திரைவாசிப்பான், பேச்சில் ஸ்க்ரீன் ரீடர். பார்வையற்றவர்களுக்கென்று எங்கேயோ தனிப் போன் விற்கிறார்கள் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருப்போம். பெரும்பாலும் அவர்கள் கையில் இருப்பது நம் கையில் இருக்கும் அதே போன்தான்.

டீ ஆறுவதற்குள் அதை வேண்டுமென்றே ஒருமுறை இயக்கிப் பார்த்துவிடுவோம். திரையில் விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறதோ அதைப் போன் சொல்லும். "வாட்ஸாப்" என்று சொல்லும், திறக்காது. திறக்க வேண்டுமென்றால் திரையில் எந்த இடத்திலும் இரண்டு முறை தட்டலாம். விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது, இடப்பக்கம் தள்ளினால் முந்தையது. திரையை நகர்த்த டாக்பேக்கில் இரண்டு விரல் வேண்டும். நமக்குத் தேடுவது கண்ணின் வேலை, தொடுவது விரலின் வேலை. பார்வையற்றவருக்குத் தேடுவதும் விரல்தான். அதனால் தேடும் தொடுகை வேறு, தேர்ந்தெடுக்கும் தொடுகை வேறு என்று பிரித்துவிட்டார்கள்.

கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் இந்த யோசனை வருவதற்கு முன்பு நிலைமை அப்படி இல்லை. பட்டன் போனில் 5-ஆம் எண்ணின் மேல் ஒரு சின்னப் புடைப்பு இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டால் மற்ற எண்களை விரல் தானாகக் கண்டுபிடித்துவிடும். 2007-இல் ஐபோன் வந்தது; வழவழப்பான கண்ணாடி, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. இனி போன் நமக்கில்லை என்று பார்வையற்றவர்கள் பலர் நினைத்ததில் வியப்பில்லை. 2009 ஜூனில் ஐபோன் 3ஜிஎஸ் வாய்ஸ்ஓவரோடு வந்தது. அதே ஆண்டில் ஆண்ட்ராய்டுக்கு டாக்பேக் வந்தது. கூகுளில் இந்தப் பக்கத்து வேலைகளை முன்னெடுத்தவர்களில் ஒருவர் டி.வி.ராமன். புணேயில் வளர்ந்தவர், கிளாக்கோமாவால் 14 வயதில் பார்வையை இழந்தவர், ஐஐடி பம்பாயில் படித்துவிட்டு கார்னெல் போய் முனைவர் பட்டம் வாங்கியவர். அமெரிக்கா போனால்தான் இதெல்லாம் நடக்குமா என்று கேட்கத் தோன்றும். அதை இன்னொரு டீக்கு வைத்துக்கொள்ளலாம்.

அனுபவப்பட்ட ஒருவர் போனைப் பயன்படுத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நமக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. அவ்வளவு வேகத்தில் வைத்திருப்பார். நாம் பக்கத்தை ஓட்டமாகப் பார்த்து வேண்டாததைத் தாண்டுகிறோம் அல்லவா, அதைத்தான் அவர் காதால் செய்கிறார். இதனாலேயே பலருக்கு இனிமையான மனிதக் குரலைவிட, தகரத்தில் தட்டியது போன்ற ஈஸ்பீக் குரல் பிடிக்கும். வேகத்தைக் கூட்டினாலும் அதில் எழுத்துகள் ஒன்றோடொன்று கரைவதில்லை. தமிழும் பேசும், காசும் கேட்காது.

இனிதான் நாம் எல்லோரும் தவறும் இடம். "திரைவாசிப்பான்" என்ற பெயரைக் கேட்டதும் நாம் என்ன நினைத்துக்கொள்கிறோம்? போனுக்குள் ஏதோ ஒரு கண் இருக்கிறது, அது திரையில் தெரிவதைப் பார்த்துப் படிக்கிறது என்று. பார்வையற்ற நண்பருக்கு எதையும் அனுப்பலாம், போன் பார்த்துச் சொல்லிவிடும் என்ற நம்பிக்கையும் அதிலிருந்து வருவதுதான்.

அப்படியில்லை என்று காட்ட ஒரு சோதனை போதும். இரண்டு வகைப் போனிலும் பேச்சை வைத்துக்கொண்டு திரையை மட்டும் முழுக்கக் கறுப்பாக்கும் வசதி உண்டு. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்க்காமல் இருக்க அதைப் போட்டுக்கொள்வார்கள். திரையில் ஒரு புள்ளி வெளிச்சம் இல்லாதபோதும் போன் குறுஞ்செய்தியைச் சொல் பிசகாமல் படிக்கும். பார்த்துப் படிக்கிற எதற்கும் இது முடியாது.

அப்படியென்றால் எதைப் படிக்கிறது? ஒவ்வொரு செயலியும் திரையில் ஓர் உருவத்தை வரையும்போதே, பின்னால் ஒரு பட்டியலையும் வைத்திருக்கிறது. இங்கே ஒரு பட்டன், அதன் பெயர் 'அனுப்பு'. இங்கே ஒரு கட்டம், அதில் தொகையை எழுத வேண்டும் என்று. திரைவாசிப்பானுக்குத் தெரிவது இந்தப் பட்டியல்தான். சமையலறை அலமாரியில் ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பாக்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் சீட்டு ஒட்டியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நமக்காகச் சீட்டை மட்டும் வாசித்துக்கொண்டே போகிறார்: துவரம்பருப்பு, கடுகு, வெந்தயம். மூடியைத் திறக்க மாட்டார், மோந்து பார்க்க மாட்டார். சீட்டு ஒட்டாத டப்பா வந்தால் "டப்பா" என்பார். கடுகு டப்பாவில் 'சர்க்கரை' என்று ஒட்டியிருந்தால் கூசாமல் "சர்க்கரை" என்பார்.

டப்பா, டப்பா, டப்பா. பார்வையற்றவர்கள் அன்றாடம் கேட்பது கிட்டத்தட்ட இதுதான். செயலியில் மூன்று பட்டன்கள் இருக்கும். அம்புக்குறி, குப்பைத்தொட்டி, வண்டி என்று படம் மட்டும் போட்டு, நமக்குப் பார்த்ததும் புரிகிற மாதிரி வைத்திருப்பார்கள். பெயர் எழுதாமல் விட்டிருந்தால் டாக்பேக் மூன்றுக்கும் "அன்லேபிள்டு, பட்டன்" என்றுதான் சொல்லும். திரும்பிப் போவதா, அழிப்பதா, வாங்குவதா? பெயர் எழுத நிரலாளருக்கு ஒரு வரி போதும். எழுதாதவர்களைக் கொடுமைக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் செயலியைக் கண்ணால் மட்டுமே சோதிக்கிறார்கள், கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. பயனரே அந்தப் பட்டனுக்குத் தன் போனில் பெயர் வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் அது என்ன பட்டன் என்று முதலில் யாராவது பார்த்துச் சொல்லியாக வேண்டும்.

தமிழில் இந்தச் சிக்கலுக்கு நம் சொந்தச் சரக்கும் ஒன்று உண்டு. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் திரையில் அம்மா என்றே தெரியும், தாளிலும் அம்மா என்றே அச்சாகும். கணினி உள்ளே வைத்திருப்பதோ வேறு: ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, கடைசியில் ஹெச். ஆங்கில எழுத்துகளுக்கான எண்களின் மேல் தமிழ் உருவத்தை மாட்டிவிடுவதுதான் அந்த எழுத்துரு செய்யும் வேலை. உருவம் நம் கண்ணுக்கு. திரைவாசிப்பானுக்குப் போவது அந்த எண்கள், ஆகவே அது ஆங்கிலத்தில் எதையோ உளறும். நாற்பது பக்கப் பாடக்குறிப்பு முழுவதும் அப்படி வந்தால் பார்வையற்ற ஒரு மாணவர் என்ன செய்வார்? யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கென்றே சொந்த எண்கள் உண்டு; 'அ' என்றால் 2949, அது உலகில் வேறெந்த எழுத்தாகவும் வாசிக்கப்படாது. 2010-இலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. ஆனாலும் டிடிபி கடைகளில் பழைய எழுத்துருக்கள் இன்னும் புழங்குகின்றன, அங்கே அடித்த கோப்புகளும் அப்படியே சுற்றுகின்றன. அவற்றை யூனிகோடாக மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அனுப்புகிறவர் மாற்றி அனுப்பினால் வாங்குகிறவருக்கு வேலை மிச்சம்.

அடுத்தது படம். ஸ்கேன் செய்த சுற்றறிக்கை, படமாக வந்த கல்யாணப் பத்திரிகை, போட்டோ எடுத்து அனுப்பிய வினாத்தாள் எல்லாம் ஒரே வகை. நமக்கு அதில் எழுத்து தெரிகிறது. போனைப் பொறுத்தவரை அது வண்ணப் புள்ளிகளின் கூட்டம், சீட்டில்லாத பெரிய டப்பா.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி வந்திருக்கும்: செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, அது பார்த்துச் சொல்லாதா? சொல்கிறது. பெயரில்லாத பட்டனைப் பார்த்து ஊகிக்கும் வசதியை ஐபோன் 2020-இலேயே கொண்டுவந்தது. டாக்பேக்கும் படங்களை விவரிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. மைக்ரோசாஃப்டின் சீயிங் ஏஐ என்ற செயலி, கேமராவைக் காட்டினால் மருந்துச் சீட்டின் எழுத்தைப் படிக்கும். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்ட மணி என்ற செயலி, இணையம் இல்லாமலே ரூபாய் நோட்டைப் பார்த்து மதிப்பைச் சொல்லும். (அதற்கு முன்பும் விரலால் அளந்து சமாளித்துக்கொண்டுதான் இருந்தார்கள். புதிய 100 ரூபாய் நோட்டின் நீளம் 142 மில்லிமீட்டர், 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. நான்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கூட்டத்தில், அவசரத்தில், கசங்கிய நோட்டில் தடவிப் பார்ப்பது எப்படியிருக்கும் என்று நாமே கண்ணை மூடிச் செய்து பார்க்கலாம்.)

ஆனால் பார்த்துச் சொல்வது எப்போதும் ஊகம். கடற்கரைப் படத்தில் இரண்டு பேர் நிற்பதை மூன்று என்று சொன்னால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. 'ரத்து செய்' பட்டனை 'செலுத்து' என்று ஊகித்தால் முழுகும். சமயத்தில் அந்த ஊகத்துக்காகக் கணக்கு விவரம் தெரியும் திரையின் படத்தையே வேறு நிறுவனத்தின் கணினிக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அதனால்தான் கேமரா எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஆனாலும், பின்னாலிருக்கும் பட்டியல் சரியாக எழுதப்பட வேண்டும் என்பதைப் பார்வையற்றவர்கள் விடாமல் கேட்கிறார்கள். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. எழுதியவருக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை, வாசிப்பவர் எதற்காக ஊகிக்க வேண்டும்?

சட்டமும் அவர்கள் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அணுகல்தன்மையைக் கேட்கிறது. வங்கிக் கணக்கு தொடங்க செல்போனில் முகத்தைக் காட்டி "கண்ணைச் சிமிட்டுங்கள்" என்கிறார்களே, அது பார்வையற்றவர்களையும் அமில வீச்சில் முகம் சிதைந்தவர்களையும் வெளியே நிறுத்துகிறது என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது, வாழும் உரிமையைச் சொல்லும் 21-ஆவது பிரிவின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வந்தது. செயலிகள் அத்தனையும் மறுநாளே திருந்திவிடுமென்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

நம் கையில் இருப்பது நிரல் எழுதும் வேலை இல்லை, படம் அனுப்பும் வேலை. வாட்ஸாப் குழுவில் பார்வையற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார், பத்திரிகையைப் படமாகப் போடுகிறோம் என்றால் பிள்ளையார் படத்தோடு அது தாராளமாகப் போகட்டும். அதற்குக் கீழே யார் கல்யாணம், எந்த மண்டபம், முகூர்த்தம் எத்தனை மணிக்கு, முதல் பந்தி எத்தனை மணிக்கு என்று தமிழில் நான்கு வரி தட்டிவிட்டால் போதும்.