ரெண்டு வருஷத்தை வெட்டிட்டாங்க!

‘கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றான்?’

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் இந்த தேசம் 658 நாள் சாப்பிட்டது, தூங்கியது, ஆபீஸ் போய் வந்தது. முதல் பாகம் 2015 ஜூலை 10-ல் வந்தது. இரண்டாம் பாகம் 2017 ஏப்ரல் 28. நடுவில் எத்தனை நாள் என்று காலண்டரை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தவன் நான். பி.காம். படித்தவன் வேறு எதற்குப் பிரயோஜனம், சொல்லுங்கள்!

2025 அக்டோபர் 31-ம் தேதி டைரக்டர் ராஜமௌலி அந்த இரண்டு பாகத்தையும் வெட்டி, ஒட்டி, ‘பாகுபலி: தி எபிக்’ என்று ஒரே படமாக வெளியிட்டார். பழசு இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். புதுசு மூன்றே முக்கால் மணி. தமன்னாவின் காதல் கதை பெரும்பாலும் அவுட். ‘மனோகரி’ பாட்டு அவுட். யுத்தத்தில்கூட ஆள் குறைப்பு!

(‘பாகுபலி சூப்பர்ஹீரோ படமா?’ என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு: ஒரு முழு சிவலிங்கத்தைப் பெயர்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு அருவிக்கு நடக்கிற ஆளுக்கு வேறு என்ன பெயர் வைப்பீர்கள்? ஜட்டியை வெளியே போடவில்லை. அது ஒன்றுதான் குறை.)

வெளிவந்த படத்தை மறுபடி வெட்டுவது நமக்குப் புதிதல்ல. செகண்ட் ஷோ முடித்துக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய தியேட்டர் ஆபரேட்டர், ஒரு டூயட்டை அப்படியே முழுங்கிவிடுவாராம். ‘ஆபரேட்டர்ஸ் கட்!’ அந்த சேவையை இப்போது டைரக்டர்களே செய்கிறார்கள். 2002-ல் வந்த ‘பாபா’வை, ரஜினியே புதுசாக டப்பிங் பேசி, முடிவையும் மாற்றி, 2022 டிசம்பரில் மறுபடி விட்டார்கள். ‘இந்தியன் 2’ 2024-ல் ரிலீஸான சில நாளிலேயே பன்னிரண்டு நிமிஷம் இளைத்தது.

அமெரிக்காவில் இது தலைகீழ். 2017-ல் ‘ஜஸ்டிஸ் லீக்’ என்று ஒரு படம். சூப்பர்மேன், பேட்மேன் எல்லோரும் ஒரே பந்தியில். டைரக்டர் ஜாக் ஸ்னைடர் பாதியில் விலகினார். காரணம், அவருடைய மகள் இறந்துபோனாள். மீதியை ஜாஸ் வீடன் என்ற வேறொருவர் முடித்து, இரண்டு மணி நேரத்தில் சுருட்டிக் கொடுத்தார். ரசிகர்கள் விடவில்லை. ‘எங்காள் எடுத்ததைக் காட்டு’ என்று வருஷக்கணக்கில் கத்தினார்கள். 2021 மார்ச்சில் ஸ்னைடரின் படம் வந்தது. நாலு மணி நேரம்! கடைசியில் மகள் பெயர் போட்டுச் சமர்ப்பணம்.

அவர் மற்றவன் எடுத்துப் போட்டதைத் திருப்பி வைத்தார். நம்மாள் தான் வைத்ததைத் தானே எடுத்தார். இரண்டுக்கும் கல்நெஞ்சு வேண்டும். என் கட்டுரையில் நாலு வரி போனாலே எனக்கு இரண்டு நாள் சோறு இறங்காது.

சரி, இதில் உனக்கென்ன என்கிறீர்களா? இருக்கிறது. அதற்கு என் அப்பாவை உள்ளே கூப்பிட வேண்டும்.

எங்கள் ஊர் குத்தம்பாக்கம். பூந்தமல்லி தாண்டி, திருமழிசைக்குப் பக்கம். 1996-ல் தலைவராக வந்த இளங்கோவால் பஞ்சாயத்துக்குப் பேர் வாங்கிய ஊர். பிற்பாடு பஸ் நிலையத்தால் பேப்பரில் அடிபட்ட ஊர். அப்பா திருமழிசைப் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். சைக்கிளில் போய் சைக்கிளில் வருவார். சினிமாவில் அவருக்கு ஒரே கட்சிதான். சத்யராஜ் கட்சி. ‘அமைதிப்படை’யை எத்தனை முறை பார்த்தார் என்பதற்கு வீட்டில் கணக்கில்லை.

2015-ல் நான் பாகுபலிக்குக் கூப்பிட்டபோது, “சத்யராஜ் இருக்காரா?” என்று மட்டும் கேட்டார். இருக்கிறார் என்றதும் வேட்டியை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். பிரபாஸ் யாரென்றே அவருக்குத் தெரியாது.

படம் முடிந்தது. ‘கொன்னது நான்தான்’ என்கிற மாதிரி கட்டப்பா சொன்னதும் தியேட்டரே வாயைப் பிளந்தது. பின் வரிசையில் ஒருவர், “அடப்பாவி, நீயாடா!” என்று கத்தினார். அப்பா மட்டும் காலால் செருப்பைத் துழாவிக்கொண்டே சொன்னார்.

“அவனா கொல்லலடா. கொல்லச் சொல்லியிருப்பாங்க.”

“யாரு?”

“மேல இருக்கறவங்க. அந்த சுதீப்பு வந்து, உன்னை விடுதலை பண்றேன்னு கூப்பிட்டப்பவே வேணான்னுட்டானே, பாத்தியா? அந்த மாதிரி ஆளு தானா எதையும் பண்ண மாட்டான். நல்லதும் பண்ண மாட்டான், கெட்டதும் பண்ண மாட்டான். சொன்னதைச் செய்வான்.”

நான் விடவில்லை. “இல்லப்பா. பல்லாளதேவன் ஏதோ சொல்லி மிரட்டியிருப்பான்.”

“நூறு ரூபா பந்தயம். அந்தம்மா ரம்யா கிருஷ்ணன்தான் உத்தரவு போட்டிருக்கும்.”

கைமேல் கை அடித்து ஒப்பந்தம் முடிந்தது.

அந்த 658 நாளில் எங்கள் ஆபீஸில் இதற்கு எத்தனை தியரி! ‘செத்தது டூப்’ என்பார் ஸ்டோர்ஸில் ஒருவர். ‘பாகுபலியே கெஞ்சிக் கேட்டிருப்பான்’ என்பார் டெஸ்பாட்சில் ஒருவர். ‘இன்க்ரிமென்ட் கொடுத்திருக்க மாட்டான் சார்’ என்பது கேஷியர் கட்சி. சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக ஒப்பிப்பேன். அப்பா முறுக்கைக் கடித்துக்கொண்டே தள்ளுபடி செய்வார். “மேலிடத்து உத்தரவுடா. எழுதி வச்சுக்க.”

அதற்கு முன்னால் எங்களுக்குள் அவ்வளவு பேச்சு இருந்ததில்லை. ‘சாப்ட்டியா?’, ‘ம்’, ‘கரண்ட் பில் கட்டிட்டியா?’, ‘ம்’. தமிழ்நாட்டு அப்பா - பிள்ளை பேச்சுவார்த்தை எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும். கட்டப்பா வந்து அதை நீட்டினான்.

2017 பிப்ரவரியில் ஒரு விடியற்காலை அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார்.

ஏப்ரல் 28-ம் தேதி நான் தனியாகப் போய் இரண்டாம் பாகம் பார்த்தேன். சிவகாமி தப்பாகப் புரிந்துகொண்டு உத்தரவு போடுகிறாள். ‘நீ செய்யாவிட்டால் நானே செய்வேன்’ என்கிறாள். கட்டப்பா செய்கிறான், முதுகில். தியேட்டர் முழுக்க உச்சுக் கொட்டியது. எனக்கு மட்டும் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. யாரோ ஒரு பையன் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தான்.

நூறு ரூபாய். அவுட்ஸ்டாண்டிங் லயபிலிட்டி. ஆளில்லாத கணக்கில் எப்படிப் பற்று வைப்பது என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் போடவில்லை.

அப்பாவுக்கு எப்படி அவ்வளவு நிச்சயம்? அதை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு மாமா. அப்பா கம்பெனியிலேயே லேத் ஓட்டியவர். எங்களுக்கு அவர் ‘லேத் மாமா’. இரண்டு பேரும் ஒன்றாக சைக்கிளில் போவார்கள். 2003-ல் அது திடீரென்று நின்றது. தெருவில் எதிரே வந்தால்கூட ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள். எனக்கு அப்போது பதினாலு வயசு. ஏதோ சீட்டுப் பணத் தகராறு என்று நினைத்திருந்தேன்.

விஷயம் அதுவல்ல. கம்பெனியில் பதினோரு பேரை நிறுத்தினார்கள். அதை நேரில் சொல்ல மேலே இருப்பவர்களுக்குத் தைரியமில்லை. கவர்களை அப்பா கையில் கொடுத்து, “நீங்களே கொடுத்துடுங்க” என்றார்கள். மறுத்தால் கவர் பன்னிரண்டாகியிருக்கும். பத்துப் பேருக்குக் கொடுத்துவிட்டு, கடைசியாக மாமாவிடம் போயிருக்கிறார். மாமா குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்பா பின்னால் நின்று கவரை நீட்டியிருக்கிறார். மாமா திரும்பிப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“நீயாடா?”

அப்பா பதில் சொல்லவில்லை. அதற்கப்புறம் பதினாலு வருஷம் பேச்சில்லை. அப்பா சாவுக்கு மாமா வந்தார். தெருமுனையிலேயே நின்றுவிட்டுப் போனார்.

‘எபிக்’ வந்ததும் எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. அறுபத்தெட்டு வயசு. முழங்கால் வலி. “மூணே முக்கால் மணி நேரமா? இன்னாத்துக்கு, வீடு கட்டறாங்களா?” என்றார். “சத்யராஜ் படம் மாமா” என்றேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

செம்பரம்பாக்கம் பக்கம் தியேட்டர். படத்தின் நடுவில் மாமா மூன்று தடவை பாத்ரூம் போனார். ராஜமௌலி வெட்டியது போக, இவர் தனியாக இருபது நிமிஷம் வெட்டினார். ஆனால் கட்டப்பா கத்தியை எடுக்கிற இடத்தில் அசையவில்லை.

படமாகச் சொன்னால் ‘எபிக்’ பழைய இரண்டையும்விடக் கச்சிதம். காதலும் பாட்டும் குறைந்ததில் மகன் பாகுபலி கொஞ்சம் ஒதுங்கி, அப்பா பாகுபலி நடுவில் வந்து நிற்கிறான். கதை சொல்கிற கட்டப்பாதான் முழுப் படத்துக்கும் தூண் என்று இப்போதுதான் தெரிகிறது. காசு கொடுத்துப் பார்க்கலாம், பழுதில்லை.

ஆனால் ஒன்று. கேள்வியும் பதிலும் ஒரே டிக்கெட்டில் வந்துவிடுகின்றன. முன்பு கட்டப்பா 658 நாள் துரோகியாக நின்றான். அவனைத் திட்டினோம், அவனுக்காக வாதாடினோம், பந்தயம் கட்டினோம். இப்போது அவன் ஒரு மணி நேரம் சொச்சம்தான் துரோகி. கூட வந்த என் அண்ணன் பையன் கேட்டான்: “இதுக்கா சித்தப்பா ரெண்டு வருஷம் வெயிட் பண்ணீங்க?” ராஜமௌலி வெட்டியது பாட்டையும் சண்டையையும் மட்டுமல்ல. எங்கள் வீட்டில் முறுக்கு கடித்த சாயங்காலங்களும் அந்த நடுவில்தான் இருந்தன. அவர்மேல் தப்பில்லை. அது அவருடைய ஃபிலிமில் இல்லவே இல்லை.

வெளியே டீக்கடையில் நின்றோம். மாமா ரொம்ப நேரம் கிளாஸை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

“வர்தா புயல் வந்துதே, 2016-ல... என் வீட்டு மேல வேப்ப மரம் சாஞ்சுதே, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு மாமா.”

“மறுநாள் உங்கப்பன் அரிவாளோட வந்தான். கூப்பிடல, கொள்ளல. ஏறி நின்னு மத்தியானம் வரைக்கும் வெட்டினான். மரத்தைத் தள்ளிட்டு, தண்ணி குடிச்சுட்டு, ஒரு வார்த்தை பேசாம போயிட்டான்.”

எனக்கு இது தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

“நானாவது வாயைத் தொறந்து, ஏன்டா குடுத்தேன்னு கேட்டிருக்கலாம். சொல்லியிருப்பான். எனக்கும் தெரியாததில்ல, மேலேர்ந்து வந்த உத்தரவு. ஆனா அவன் வாயால சொல்லணும்னு இருந்தேன். எதிர்வீட்லதானே இருக்கான், அப்புறம் கேட்டுக்கலாம்னு விட்டேன். ரெண்டு மாசத்துல போயிட்டான்.”

டீ ஆறிப் போயிருந்தது. ஒரே மடக்கில் குடித்தார்.

சட்டைப் பையிலிருந்து நூறு ரூபாய் எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்தேன். மூன்று டீ, நாலு பஜ்ஜி. அது என் காசு இல்லை, அப்பா ஜெயித்த பந்தயக் காசு என்று மாமாவிடம் சொன்னேன். எப்படி ஜெயித்தார் என்பதையும் சொன்னேன். முழுசாகக் கேட்டுக்கொண்டார். முகத்தைத் துண்டால் துடைத்தார். வேர்வையாக இருக்கலாம்.

மீதிச் சில்லறையை அவர் கையில் வைத்தேன். எண்ணிப் பார்க்காமல் என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

“வச்சுக்கடா. சத்யராஜ் படம் வேற ஏதாவது வந்தா சொல்லு.”