பேனா முனையில் பிறந்த தடித்த எழுத்து

நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் முதல் பக்கத்தில், அதன் பெயர் மட்டும் மற்ற எழுத்துகளோடு சேராமல் தனித்து நிற்கும். நிமிர்ந்த தடித்த கோடுகள், கூரிய முனைகள், வளைய வேண்டிய இடத்தில் உடையும் மூலைகள். வாஷிங்டன் போஸ்ட்டின் பெயரும் இதே சாயலில்தான் இருக்கிறது. இந்த எழுத்துக் குடும்பத்துக்கு பிளாக்லெட்டர் என்று பெயர்.

எப்படிப் பிறந்தது?

இந்த வடிவத்தைத் தீர்மானித்தது பேனா. இடைக்கால ஐரோப்பாவில் நூல்களைப் படியெடுத்தவர்கள், முனையைப் பட்டையாகச் சீவிய இறகால் எழுதினார்கள். ரோமன் எழுத்தான 'ஓ'வைக்கூட ஒரே சுழிப்பில் போடாமல், சிறு சிறு கோடுகளாக இழுத்து இணைத்தார்கள். வட்டம் அறுகோணம்போல ஆனது. 1455 வாக்கில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் பைபிளை அச்சிட்ட குட்டன்பர்க், அந்தக் கையெழுத்தையே ஈய அச்சில் வார்த்தார். 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் பரவிய வகை ஃபிராக்டூர். லத்தீனில் உடைந்தது என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது.

தடித்தது ஏன்?

19ஆம் நூற்றாண்டில் விளம்பரங்களும் சுவரொட்டிகளும் பெருகின. தூரத்திலிருந்தே கண்ணை இழுக்கும் எழுத்து தேவைப்பட்டது. 1850இல் யோஹான் கிறிஸ்டியான் பாவர் 'ஃபெட்டெ ஃபிராக்டூர்' எழுத்துருவை உருவாக்கினார். 'ஃபெட்டெ' என்றால் தடித்தது. இதில் நிமிர்ந்த கோடுகள் பருத்து, எழுத்துக்குள் இருக்கும் வெள்ளை இடம் மெல்லிய கீற்றாகச் சுருங்கியிருக்கும். பெரிய அளவில் அந்தக் கீற்றுகளே அழகு. சிறிய அளவில் அச்சிட்டால் மை அவற்றை அடைத்துவிடும், சொல் கறையாகிவிடும்.

எங்கே சறுக்கும்?

முழுச் சொல்லையும் கேபிடல் எழுத்துகளில் அடுக்குவதுதான் பெரிய தவறு. சுழிகளும் வளைவுகளும் நிறைந்த அவை வரிசையாக நின்றால் படிக்கவே முடியாது. பழக்கமில்லாத கண்ணுக்குக் கேபிடல் 'ஏ', 'யூ' ஆகத் தெரியும். பழைய நெட்டை 'எஸ்'ஸுக்கும் 'எஃப்'புக்கும் வித்தியாசம் ஒரு சிறு குறுக்குக் கோடுதான்.

நாஜி எழுத்தா?

பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். நாஜிகள் தொடக்கத்தில் இதைப் போற்றியது உண்மை. ஆனால் 1941 ஜனவரி 3இல் நாஜிக் கட்சியின் உயர் நிர்வாகி மார்ட்டின் போர்மன் அனுப்பிய சுற்றறிக்கை, இதை யூதர்களின் எழுத்து என்று பொய்யாகப் பழித்து, பயன்பாட்டுக்குத் தடை போட்டது. அதற்குப் பிறகும் ஜெர்மனியின் உணவுவிடுதிப் பலகைகளிலும் பீர் லேபிள்களிலும் இது வாழ்கிறது. ஐந்து நூற்றாண்டுகள் பைபிளையும் பாட்டையும் பாடநூலையும் சுமந்த எழுத்தை, பன்னிரண்டு ஆண்டு நாஜிக் கொடுமையோடு மட்டும் கட்டிப்போடுவது நியாயமல்ல.

வடிவமைப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இதை ஒன்றிரண்டு சொற்களுக்கு மட்டும், பெரிய அளவில், சுற்றிலும் தாராளமாக வெள்ளை விட்டுப் பயன்படுத்துங்கள். அச்சுக்கு அனுப்பும் முன், அந்தச் சொல்லை முன்பின் அறியாத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.