காணாத எதிரியும் நேர்மையும்

விதிகளுக்கு உடன்பட்ட இருவர் செய்யும் போரே விளையாட்டு. மைதானத்தில் எதிரியின் முகம் தெரியும், நடுவரும் அருகிருப்பர். இணையவழி ஆட்டத்திலோ இவ்விரண்டும் இல. நம் மதுராந்தகத்து இளைஞரும் அறிந்த பப்ஜி ஆட்டத்தில், 2019-ஆம் ஆண்டு நடைபிணங்களோடு பொரும் பகுதியும் சேர்ந்தது. தானே குறிபார்க்கும் கள்ள நிரல் கொண்டு இத்தகைய ஆட்டங்களில் சுடுவோனுக்கு எண்ணிக்கை ஏறும்; திறமை ஏறாது.

அங்ஙனமாயின் நேர்மையைக் காப்பது எவ்வாறு? சதுரங்கம் இதற்குத் தக்க சான்று தருகின்றது. நோய்ப்பரவலால் 2020-இல் ஒலிம்பியாடு இணையவழி நடந்தது. ஆடுவோரைப் படக்கருவிகள் கண்காணித்தன. ஆகஸ்டு 30-ஆம் நாள் இறுதிப் போட்டியில் இந்தியாவும் ருசியாவும் எதிர்நின்றன. முதற்சுற்று சமனாயிற்று. இரண்டாம் சுற்றில் நிஹால் சரீனும் திவ்யா தேஷ்முக்கும் இணையத் தொடர்பு அறுந்தமையால் நேரமிழந்து தோற்றனர். இந்தியா முறையிட்டது. உலகின் பல பகுதிகளிலும் அன்று இணையம் தடைப்பட்டிருந்தமை கண்ட உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு, இரு நாடுகளுக்கும் பொற்பதக்கம் அளித்தது. விதியின் சொல்லை மட்டும் நோக்கின் வெற்றி ருசியாவினது. ஆயினும் தொடர்பு அறுந்ததால் வருவது வெற்றியாகுமோ?

2022-இல் நமக்கு அணித்தாகிய மாமல்லபுரத்தில், 44-ஆம் ஒலிம்பியாடு நேருக்கு நேர் நடந்தது. பொதுப்பிரிவில் உஸ்பெக்கிஸ்தான் முதலிடமும், குகேஷ், பிரக்ஞானந்தா ஆடிய இந்திய இரண்டாம் அணி மூன்றாமிடமும் பெற்றன. ஆட்டக்கூடத்தில் ஆடுவோர் கைப்பேசி வைத்திருத்தல் விதிக்கு மாறு. அங்கே காவல் எளிது, தனியறையில் அரிது. ஆதலின் இணைய ஆட்டத்தில் முதல் நடுவர் அவரவர் மனச்சான்றே. தோற்றவன் மறுநாளும் மனமுவந்து ஆட வருவானாயின், அப்போட்டி நேரியது என்க.