பழைய இயந்திரத்தைப் பேணும் வகை

யாழ்ப்பாணக் குடாநாட்டு வீதிகளில் ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் முதலிய பழைய வண்டிகளை இன்றும் காணலாம். அவற்றின் நீண்ட ஆயுளுக்குத் தட்டுப்பாடும் ஒரு காரணம். 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் மோட்டார் வண்டி இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. பின்னர் 1990இல் போர் மூண்டு கண்டி வீதி அடைபட்டபோது, பெற்றோலும் உதிரி உறுப்புகளும் கிடைப்பது அரிதாயிற்று. புதியது வாங்க வழியில்லாதோர் உள்ளதைத் திருத்திக்கொள்ளக் கற்றனர். பழைய லொறியோ காரோ வைத்திருக்கும் நேயர்களுக்கு அவ்வனுபவம் இன்றும் பயன்படும்.

அந்நாட்களில் இவ்வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிது பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை இயக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். இது எங்ஙனம் இயன்றது? பெற்றோல் குளிர்ந்த நிலையிலும் ஆவியாகும்; மண்ணெண்ணெய்க்கோ வெப்பம் வேண்டும். அன்றியும், மண்ணெண்ணெய் ஆவி கலந்த காற்றை மிகுதியாக அழுத்தினால் அது சீராக எரியாது, திடீரெனப் பற்றி இயந்திரத்தை அதிரச் செய்யும். இரண்டாம் உலகப்போருக்குப் பின்னரும் 1953ஆம் ஆண்டுவரை பிரித்தானியாவில் தரங்குறைந்த பெற்றோலே விற்கப்பட்டது. ஆதலால் அக்கால ஒஸ்ரின் இயந்திரங்கள் காற்றை ஏறத்தாழ 7இல் ஒரு பங்காக மட்டுமே சுருக்குமாறு அமைக்கப்பட்டன. ஒரு போரின் வறுமைக்கென அமைந்த இயந்திரம், மற்றொரு போரில் யாழ்ப்பாணத்தாருக்குக் கைகொடுத்தது.

ஆயினும் இதற்கு ஒரு விலை இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் உருளையின் சுவர் வழியே இறங்கி, அடியிலுள்ள ஓயிலில் கலந்தது. நீர்த்த ஓயில் சுழலும் உறுப்புகளை உராய்விலிருந்து காக்காது. பெற்றோலில் ஓடும் இயந்திரத்திலும், வளையங்கள் தேய்ந்திருந்தாலோ பிளக் சரிவரப் பொறி தராவிட்டாலோ, இக்கேடு நேரலாம். புதிதாக ஊற்றாமலே ஓயிலின் மட்டம் அளவுகோலில் உயர்ந்து, அதில் எரிபொருளின் மணமும் வீசுமாயின், உடனே ஓயிலை மாற்றி, காரணத்தைத் தேடுக. ஓயிலின் விலையை மீதப்படுத்த முயன்றோர் இயந்திரத்தையே இழந்ததுண்டு.

வலுக்குன்றிய இயந்திரத்தைக் கழற்றுமுன் நோயை அறிதல் வேண்டும். வண்டியை இயங்காநிலையில் வைத்து, பொறியூட்டும் மின்னிணைப்பையும் நிறுத்தி, கைப்பிடியால் மெல்லச் சுழற்றினால் ஒவ்வோர் உருளையும் முறையே எதிர்ப்புக் காட்டும். தளர்ந்த உருளையின் பிளக் துளையில் ஒரு கரண்டி ஓயிலை விட்டு, பிளக்கைப் பூட்டி மீண்டும் சுழற்றுக. எதிர்ப்புக் கூடினால் வளையங்களோ உருளையோ தேய்ந்துள்ளன என்று கொள்ளலாம். கூடாவிடின் வால்விலோ கஸ்கெற்றிலோ கசிவு இருக்கலாம். இச்சோதனைக்கு ஆகும் செலவு ஒரு கரண்டி ஓயிலே.

வால்வுக் கசிவைப் பெரும்பாலும் வீட்டிலேயே நீக்கலாம். ஒஸ்ரின் போன்ற இயந்திரங்களில் வால்வுகள் தலைப்பகுதியிலேயே உள்ளன. நீரை வடித்துத் தலைப்பகுதியைக் கழற்றி, கரிப்படிவை மரத்துண்டினால் சுரண்டுக. கூரிய இரும்பு பிஸ்ரனைக் கீறிவிடும். வால்வின் விளிம்பில் அரைக்கும் பசையைச் சிறிது தடவி, அதைப் பற்றும் கோலை உள்ளங்கைகளுக்கிடையே வைத்து, மோர் கடையும் மத்தைப்போல் இருபுறமும் உருட்டுக. விளிம்பிலும் அது பொருந்தும் இடத்திலும் சீரான சாம்பல்நிற வளையம் தோன்றியதும் நிறுத்தலாம். பசையின் துகள் எஞ்சினால் அது உருளையை அரித்துவிடும். ஆதலால் முற்றாகத் துடைத்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு வால்வையும் அதனதன் இடத்திலேயே பொருத்துக. தலைப்பகுதியின் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, சிறிது சிறிதாக இறுக்குக.

எரிந்து குழிந்த வால்வை அரைத்துப் பயனில்லை, மாற்றவே வேண்டும். பழைய கஸ்கெற்றை மறுபடி பூட்டுவதும் வீண் சிக்கனம். பாரம் இழுக்கும்போது அடியிலிருந்து கனத்த ஓசை எழுமாயின், வண்டியை நிறுத்திக் கராச்சாரின் உதவியை நாடுக. சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றும் லொறி இடைவழியில் நின்றால், விளைவித்தவரின் பல மாத உழைப்பு வெயிலில் வாடும். அதனைத் தடுக்கும் முதற்காவல், காலையில் புறப்படுமுன் அளவுகோலை இழுத்து ஓயிலைப் பார்க்கும் அந்த ஒரு நிமிடமே.