வாரயிறுதியில் கோலாலம்பூர்: 48 மணி நேரத்தில் கையில் மிஞ்சுவது எவ்வளவு?

"மக்களே, இந்த வீக்கெண்ட் கேஎல் போலாமா?"

வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு செய்தி வந்து விழுந்தால் போதும். பத்து நிமிடத்தில் எல்லாரும் 'ஓகே' சொல்லிவிடுவார்கள். அடுத்த அரை மணி நேரத்தில் பட்டியல் நீளும். இரட்டைக் கோபுரம், பத்துமலை, பெட்டாலிங் ஸ்ட்ரீட், ஷாப்பிங், அப்படியே கெந்திங் மலைக்கும் ஓர் எட்டு...

திங்கட்கிழமை காலையில் பார்த்தால், போனபோது இருந்ததைவிடக் கூடுதல் களைப்போடு வேலைக்கோ வகுப்புக்கோ வந்து நிற்பீர்கள். பாதி இடங்களைப் பார்க்கவே இல்லை. யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்கும் முடியவில்லை.

எங்கே தவறு? பெரும்பாலும் நேரக் கணக்கில்தான். கோலாலம்பூர் இங்கிருந்து ஏறத்தாழ 350 கிலோமீட்டர். பக்கத்து ஊர் மாதிரிதான் தோன்றும். ஆனால் நடுவில் ஓர் எல்லை இருக்கிறது.

அடுத்த முறை 'ஓகே' போடுமுன் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

உண்மையில் எத்தனை மணி நேரம் கிடைக்கும்?

வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி, ஞாயிறு இரவு 8 மணிக்கு வீடு திரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 48 மணி நேரம்.

- போக 7 மணி நேரம், வர 7 மணி நேரம்: 14
- இரண்டு இரவுத் தூக்கம்: 14
- மிச்சம்: 20
- குளியல், ஹோட்டல் நடைமுறைகள், நகருக்குள் போக்குவரத்து, வரிசை: குறைந்தது 5

கையில் மிஞ்சுவது 15 மணி நேரம்தான்.

ஓர் இடத்தைப் பார்த்து, அங்கேயே ஏதாவது சாப்பிட்டு, கொஞ்சம் உட்கார்ந்து பேச 3 மணி நேரம் வேண்டும். அப்படியென்றால் 5 இடங்கள். அதற்கு மேல் பட்டியல் போட்டால், போகிற இடத்திலெல்லாம் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

கெந்திங் மலைக்குப் போக மட்டும் கோலாலம்பூரிலிருந்து காரில் ஒரு மணி நேரம் ஆகும். போய்வந்து, மேலே கொஞ்ச நேரம் சுற்றினால் 15-இல் 6 மணி நேரம் காலி. அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்வதே மேல்.

விமானம், பேருந்து, கார்: எது சரி?

"விமானத்துல ஒரு மணி நேரம்தானே!"

வானத்தில் இருப்பது ஒரு மணி நேரம்தான். வீட்டிலிருந்து சாங்கி போக ஒரு மணி நேரம், 2 மணி நேரம் முன்கூட்டியே அங்கு இருக்கவேண்டும், இறங்கியதும் குடிநுழைவு வரிசை. கோலாலம்பூர் விமான நிலையம் நகரிலிருந்து 50 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. விரைவு ரயிலில் முதல் முனையத்திலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு 28 நிமிடம். எல்லாம் கூட்டினால் ஐந்தரை மணி நேரம் சுலபமாக ஆகிவிடும்.

பேருந்தில் சாலை வழியாக 5 முதல் 6 மணி நேரம். சோதனைச் சாவடியில் கூட்டம் இருந்தால் 7, 8-கூட ஆகலாம். கட்டணம் குறைவு. ஆனால் வெள்ளி மாலைப் பேருந்து என்றால் வேலை முடிந்து கிளம்புவோர் எல்லாரோடும் சேர்ந்துதான் எல்லையைக் கடக்கவேண்டும்.

கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க: நீண்ட வாரயிறுதிகளிலும் பள்ளி விடுமுறைகளிலும் உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச் சாவடிகளில் கார்கள் 3 மணி நேரம் வரை காத்திருந்தது உண்டு. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் காரில் முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்கவேண்டும். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி இல்லாத சிங்கப்பூர்க் கார்களுக்கு 2025 ஜூலை முதல் 300 ரிங்கிட் அபராதம் விதிக்கப்படுகிறது.

90 நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டிய அதிவேக ரயில் திட்டம் ஒன்று இருந்தது, நினைவிருக்கிறதா? 2013-இல் அறிவிக்கப்பட்டது. 2020 டிசம்பர் 31-உடன் அந்த ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. அது வந்திருந்தால் இந்தக் கட்டுரையின் பாதிக் கணக்கு தேவைப்பட்டிருக்காது!

இரவுப் பேருந்தில் ஒரு சிக்கல்

'ராத்திரி பஸ்ல தூங்கிட்டே போனா ஒரு நாள் ஹோட்டல் காசு மிச்சம்' என்பது பலர் போடும் திட்டம். இரவு 10 மணிக்குக் கிளம்பினால் அதிகாலை 4 மணிவாக்கில் இறக்கிவிடுவார்கள். ரயில்கள் ஓடத் தொடங்கியிருக்காது. ஹோட்டல் அறையோ பெரும்பாலும் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் கிடைக்கும். நடுவில் 10 மணி நேரம், தோளில் பையோடு, கண்ணில் தூக்கத்தோடு.

இரவுப் பேருந்துதான் என்று முடிவுசெய்தால், பையை முன்கூட்டியே வைத்துக்கொள்ள முடியுமா என்று ஹோட்டலிடம் கேட்டுவிடுங்கள். வெள்ளி இரவுக்கும் சேர்த்தே அறை எடுத்தால், வந்து இறங்கியதும் தூங்கலாம். அப்போது நேரம் கழித்து வருவீர்கள் என்பதைச் சொல்லிவைப்பது முக்கியம்.

இன்னொன்று: மலேசியாவில் தங்கும் வெளிநாட்டவரிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வாங்கப்படும். இணையத்தில் நீங்கள் கட்டிய தொகையில் அது சேராமல் இருக்கலாம். முகப்பில் கேட்டால் அதிர்ச்சி அடையவேண்டாம்.

15 மணி நேரத்தை எப்படிச் செலவிடலாம்?

ஒரே ரயில் பாதையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கேஎல் சென்ட்ரல், பாசார் செனி, மஸ்ஜித் ஜமேக், கேஎல்சிசி ஆகிய நான்கு நிலையங்களும் கிளானா ஜெயா எல்ஆர்டி பாதையில் வரிசையாக இருக்கின்றன. ஹோட்டலும் இந்தப் பாதையருகே இருந்தால் நெரிசலில் காருக்குள் உட்கார்ந்திருக்கும் நேரம் மிச்சம்.

சனி காலை: பத்துமலை. கேஎல் சென்ட்ரலிலிருந்து கேடிஎம் கொமுட்டர் ரயில் நேராக அங்கே போகிறது. ரயில் அடிக்கடி வராது, அதனால் நேர அட்டவணையைப் பார்த்துக் கிளம்புங்கள். 272 படிகள். வெயில் ஏறுமுன் ஏறிவிட்டால் நல்லது. 42.7 மீட்டர் உயர முருகன் சிலை 2006-இல் திறக்கப்பட்டது. கோயில் என்பதால் அரைக்கால் சட்டை, குட்டைப் பாவாடை வேண்டாம். கையில் உணவுப் பொட்டலம் இருந்தால் குரங்குகள் உங்களைவிட வேகம்!

சனி நண்பகல்: பிரிக்ஃபீல்ட்ஸ். கேஎல் சென்ட்ரலிலிருந்து நடந்தே போகலாம். ஒரு காலத்தில் செங்கல் சூளைகள் இருந்ததால் வந்த பெயர். ரயில்வே வேலைக்காகத் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த தமிழர்கள் குடியேறிய வட்டாரம். வாழை இலைச் சாப்பாட்டுக்கு இதைவிட நல்ல நேரம் இல்லை.

சனி பிற்பகல்: பாசார் செனி. கோலாலம்பூரில் பிற்பகலில் இடியுடன் மழை பெய்வது சகஜம். அதனால் அந்த நேரத்துக்குக் கூரை உள்ள இடம் ஒன்றை வையுங்கள். 1888-இல் ஈரச்சந்தையாகத் தொடங்கிய சென்ட்ரல் மார்க்கெட் இப்போது கைவினைப் பொருள் கடைகளின் கூடம். மழை விட்டதும் பெட்டாலிங் ஸ்ட்ரீட், 1873-இல் நிறுவப்பட்ட ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயம் இரண்டுக்கும் நடந்து போகலாம்.

சனி இரவு: கேஎல்சிசி. 452 மீட்டர் உயர இரட்டைக் கோபுரம் விளக்கொளியில்தான் அழகு. கீழே பூங்காவிலிருந்து பார்க்கக் காசு இல்லை. மேலே ஏறவேண்டும் என்றால் நுழைவுச்சீட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்குங்கள்.

ஞாயிறு காலை: மஸ்ஜித் ஜமேக். கிள்ளான், கோம்பாக் ஆறுகள் சேரும் இடத்தில் 1909-இல் திறக்கப்பட்ட பள்ளிவாசல். 'சேற்று நீர் சங்கமம்' என்று பொருள்படும் கோலாலம்பூர் என்ற பெயரே இந்த இடத்திலிருந்து வந்ததுதான். அரை மணி நேரம் ஆற்றோரம் நடந்துவிட்டு, மெதுவாகக் காலை உணவு. பிற்பகல் 1 மணிக்குத் திரும்பும் பயணம்.

குழுவில் எல்லாருக்கும் ஒரே கடப்பிதழா?

இதைக் கேட்க மறந்துதான் பல பயணங்கள் சோதனைச் சாவடியில் சிக்கிக்கொள்கின்றன.

கடப்பிதழ் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருக்கவேண்டும். மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையைச் சிங்கப்பூர்க் குடிமக்கள் நிரப்பத் தேவையில்லை. ஆனால் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் உங்கள் நண்பர், அவர் இங்கு நிரந்தரவாசியாகவே இருந்தாலும், பயணத்துக்கு முந்திய 3 நாள்களுக்குள் அதை நிரப்பவேண்டும். அது இலவசம். கட்டணம் கேட்கும் இணையத்தளம் கண்ணில் பட்டால் மூடிவிடுங்கள்.

விமானத்தில் திரும்பினால் சிங்கப்பூரர்களும் எஸ்ஜி வருகை அட்டையை நிரப்பவேண்டும். சாலை வழியாகத் திரும்பும் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அது தேவையில்லை.

தேசியச் சேவையில் இருப்பவர் முதலில் தம் படைப்பிரிவில் கேட்டுக்கொள்வது நல்லது.

திரும்பும்போது பையில் என்ன?

இங்கே மீண்டும் அந்த 48 மணி நேரம் வருகிறது.

நீங்கள் சிங்கப்பூருக்கு வெளியே 48 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால், 100 வெள்ளி மதிப்புள்ள புதிய பொருள்களுக்கு மட்டுமே பொருள் சேவை வரி விலக்கு. 48 மணி நேரமோ அதற்கு மேலோ இருந்தால் 500 வெள்ளி வரை. வெள்ளி இரவு 9 மணிக்கு எல்லையைக் கடந்து, ஞாயிறு இரவு 7 மணிக்குத் திரும்பினால் 46 மணி நேரம்தான். ஆக, உங்கள் வரம்பு 100 வெள்ளி. அதற்கு மேற்பட்ட தொகைக்கு 9 விழுக்காடு வரி கட்டவேண்டும். வேலை அனுமதி, மாணவர் அனுமதி வைத்திருப்போருக்கு இந்த விலக்கு கிடையாது.

மலேசியாவிலிருந்து வருவோருக்கு மதுபானத்துக்குத் தீர்வை விலக்கு இல்லை. சிகரெட்டுக்கு யாருக்குமே இல்லை. மின்சிகரெட்டைக் கொண்டுவரவே கூடாது. அங்கே கடையில் விற்கிறார்கள் என்பது இங்கே காரணமாகாது.

காசு பற்றி முதலிலேயே பேசுங்கள்

ஒருவர் வேலைக்குப் போகிறார். ஒருவர் இன்னும் படிக்கிறார். இருவரும் ஒரே மாதிரி 'ஓகே' போட்டிருப்பார்கள். விலை அதிகம் என்று குழுவில் சொல்லக் கூச்சப்பட்டு, கடைசி நேரத்தில் 'உடம்பு சரியில்ல' என்று ஒதுங்கியவர் உங்கள் குழுவிலும் இருந்திருக்கலாம்.

ஹோட்டல் தேடுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஆளுக்கு எவ்வளவு முடியும்?" பதிலைத் தனித்தனியே வாங்குங்கள். இருப்பதில் குறைந்த தொகைதான் குழுவின் வரவுசெலவுத் திட்டம். அதற்கு மேல் செலவழிக்க விரும்புபவர் அங்கே போய்த் தம் காசில் செய்துகொள்ளட்டும்.

இடங்களுக்கும் அதே முறைதான். நாலு பேர் என்றால் ஆளுக்கு ஓர் இடம், விட்டுக்கொடுக்க முடியாத ஒன்றே ஒன்று. ஐந்தாவது இடத்தைக் காலியாக விடுங்கள். மழை வரலாம், ரயில் தாமதமாகலாம், வாழை இலைச் சாப்பாட்டுக்குப் பிறகு யாருக்கும் எழுந்திருக்கவே மனமில்லாமல் போகலாம்.

அடுத்த முறை "கேஎல் போலாமா?" என்று கேள்வி வந்தால், "போலாம். 15 மணி நேரம் இருக்கு, உன்னோட ஒரு இடம் எது?" என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள்.