உஷார்! லைனில் நிற்கும் பையன் பத்திரம்

டெக்சாஸிலும் நியூஜெர்சியிலும் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோரே, ஆகஸ்ட் பிறந்தால் பள்ளிகளில் அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சி மும்முரமாகிவிடும். உங்கள் பையன் கொஞ்சம் வாட்டசாட்டமாக இருந்தால் கோச்சின் கண் அவன்மேல் விழும். ஓட வேண்டாம், பந்தைத் துரத்த வேண்டாம், லைனில் நின்று எதிராளியைத் தடுத்தால் போதும் என்பார்கள். கேட்பதற்குச் சாதுவான வேலைதான். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் மைக் வெப்ஸ்டர் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் 1974இல் சேர்ந்தவர், லைனின் நடுவில் நிற்கும் சென்டர் அவர். தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் மொத்தம் 17 சீசன், நான்கு சூப்பர் பௌல் வெற்றி. ‘அயர்ன் மைக்’ என்றே ஊர் அழைத்தது. 1997இல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கொடுத்தார்கள். அதற்குள் மனிதர் உருக்குலைந்துவிட்டார். ஞாபகம் தப்பியது, பணம் கரைந்தது, குடும்பம் பிரிந்தது. பிக்கப் வண்டியிலேயே படுத்துக் கிடந்த இரவுகள் உண்டு. தூக்கம் வராமல் டேசர் கருவியால் தனக்குத்தானே ஷாக் கொடுத்துக்கொண்டார். 2002இல் மாரடைப்பில் இறந்தபோது வயது 50.

பிரேதப் பரிசோதனை செய்தவர் நைஜீரியாவில் பிறந்த டாக்டர் பென்னட் ஒமாலு. வெளிப்பார்வைக்கு மூளை நன்றாகவே இருந்தது. மெல்லிய சீவல்களை மைக்ராஸ்கோப்பில் வைத்தபோதுதான் டாவ் என்ற புரதம் திட்டுத் திட்டாகப் படிந்திருப்பது தெரிந்தது. சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோய். 2005இல் அவர் கட்டுரை வெளியானதும் என்.எஃப்.எல். நியமித்த குழுவின் டாக்டர்கள் அதைத் திரும்பப் பெறச் சொல்லி மல்லுக்கு நின்றார்கள். அதே ஸ்டீலர்ஸில் ஆடிய டெர்ரி லாங் 45 வயதில் தற்கொலை செய்துகொண்டார். ஜஸ்டின் ஸ்ட்ரெல்சிக் 36 வயதில் கார் விபத்தில் போனார். இருவரும் லைன்மேன்கள். இருவர் மூளையிலும் அதே நோய்.

காரணம் அந்த இடத்தின் வேலையிலேயே இருக்கிறது. பந்தை எறியும் குவார்ட்டர்பேக் விழுந்தால் ஸ்டேடியமே எழுந்து நிற்கும், டாக்டர் ஓடி வருவார். லைன்மேன் மயங்கி விழுவதே அபூர்வம். கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்பார். பந்து கிளம்பியதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவரோடு மோதுவார். அடுத்த மோதலுக்கு மறுபடி குனிவார். ஒரு மேட்சில் பலமுறை, பயிற்சியில் அதைவிட அதிகம். ஹெல்மெட் மண்டை ஓட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. மயக்கமே வராத இந்தச் சின்னச் சின்ன மோதல்கள்தான் வருடக்கணக்கில் சேர்ந்து கெடுக்கின்றன. உயிரோடு இருக்கும்போது இந்த நோயை உறுதி செய்யவும் வழி கிடையாது.

2017இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்த 111 முன்னாள் என்.எஃப்.எல். வீரர்களின் மூளைகளில் 110இல் சி.டி.இ. இருந்தது. சந்தேகப்பட்ட குடும்பங்களே பெரும்பாலும் மூளையைக் கொடுத்திருக்கும் என்பதால் எல்லா வீரருக்கும் இதே கணக்கைப் போட முடியாது. ஆனால் ஹைஸ்கூலோடு நிறுத்திய 14 பேரிலும் 3 பேருக்கு இருந்ததே! அந்த ஆய்வு வெளியான இரண்டாம் நாளே பால்டிமோர் ரேவன்ஸ் லைன்மேன் ஜான் அர்ஷல் 26 வயதில் ஓய்வு அறிவித்தார். அவர் எம்.ஐ.டி.யில் கணித முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர். புத்திசாலி.

வெயிலையும் மறக்காதீர்கள். மினசோட்டா வைக்கிங்ஸ் லைன்மேன் கோரி ஸ்ட்ரிங்கர், 2001 ஆகஸ்டில் பயிற்சி முகாமில் வெப்பத் தாக்குதலால் 27 வயதில் இறந்தார். 130 கிலோவுக்கு மேல் உடம்பை ஏற்றிக்கொண்டு கோடையில் கவசத்தோடு ஓடுவது விளையாட்டல்ல.

பையன் அடம்பிடித்தால் கோச்சிடம் ஒன்றை நேராகக் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை நாள் மோதிப் பயிற்சி? என்.எஃப்.எல். வீரர்களுக்கே 2011 முதல், முகாம் முடிந்து சீசன் நடக்கும்போது மொத்தம் 14 நாள்தான் அதற்கு அனுமதி. பதில் மழுப்பலாக வந்தால் சேர்க்காதீர்கள். தலைவலி, வாந்தி, மறதி, காரணமில்லாத எரிச்சல் எது தெரிந்தாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். மோதலே இல்லாத ஃபிளாக் ஃபுட்பால் இருக்கிறது, 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில்கூட அதைச் சேர்த்திருக்கிறார்கள். முதலில் அதில் சேர்த்துவிடுங்கள்.