கத்தியின் கூர்மையே மரத்தின் ஆயுள்

ஒரே வெட்டை ஒவ்வொரு முறையும் மெல்லியதாகச் சீவித் திறக்கும் முறையை, 1890களில் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் ரிட்லி வகுத்தார். கிள்ளான் முதல் சுங்கை பூலோ வரை பால் வெட்டியோர் பின்பற்றியது இம்முறையே.

பாற்குழாய்கள் பட்டையின் உட்புறத்தில் மிகுந்துள்ளன. அவற்றை அடுத்து, புதுப்பட்டையை வளர்க்கும் மெல்லிய படலம் உள்ளது. இடையில் விட வேண்டியது ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே. மழுங்கிய கத்தியை அழுத்தி இழுத்தால் அப்படலம் காயமுறும், முண்டுகள் தோன்றும், அங்கு மீண்டும் பால் வெட்டுதல் அரிதாகும்.

எவ்வளவு தீட்டுவது? வாய் ஒடிந்திருந்தால் மட்டுமே சொரசொரப்பான கல். அன்றாடம் நீர் தெளித்த மென்கல் போதும். மாறாத சாய்வில் தேய்த்து, மறுபுறம் திரளும் பிசிறை நீக்குக. கண்ணாடிபோல் பளபளக்க வேண்டியதில்லை. மிக மெலிந்த வாய் எளிதில் ஒடியும். மழுங்கிய வாய் வெளிச்சத்தில் வெண்கோடாக மின்னும்; கூரிய வாயில் கோடு தெரியாது. விரலால் சோதித்தல் வேண்டா.